யார் கேட்டாலும் பதினொன்று

"பிறந்த நாள் 9 மார்ச் 1970. ஞானஸ்நானம் பெற்ற நாள் 29 மார்ச் 1970. நகல் வழங்கிய நாள் 10 மே 1982. நகல் கேட்கப்படும் காரணம்: நீச்சல் போட்டி."

பங்குச் சாமியாரின் சாய்ந்த கையெழுத்தில் இருக்கும் இந்தச் சான்று என் அக்காவுடையது. பழைய நாள்காட்டியை எடுத்து ஒத்துப் பார்த்தேன். 1970 மார்ச் 29 ஈஸ்டர் ஞாயிறுதான், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற திருநாள். சாமியார் பதிவேட்டைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார், நினைவிலிருந்து எழுதவில்லை என்பதற்கு அது போதும். தாள் நான்காக மடிக்கப்பட்டிருக்கிறது. அப்பா இறந்த நாற்பதாம் நாள் அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, 1982ஆம் ஆண்டின் ரயில் கால அட்டவணைக்குள் இது இருந்தது.

எங்கள் குடும்பத்தில் தேதிகளை எழுதிவைக்கிற பழக்கம் எனக்கு மட்டும்தான். ஆகவே அக்காவின் பிறந்த நாளைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவளுக்கு அது இரண்டு. கோயில் பதிவேட்டில் மார்ச் 9. பள்ளிக்கூடத்தில் ஜூன் 16. ஒன்றாம் வகுப்பில் சேர்க்க அப்பா அவளைக் கூட்டிக்கொண்டு போனது 1975 ஜூன் 16, திங்கட்கிழமை. பிறந்த தேதி என்ன என்று தலைமையாசிரியர் கேட்டிருக்கிறார். கோயிலில் கேட்டு வந்து சொல்கிறேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார். வரிசையில் இன்னும் இருபது பிள்ளைகள் நின்றிருந்ததால், அன்றைய தேதியிலிருந்து ஐந்து வருடத்தைக் கழித்து எழுதிவிட்டார் அவர். எங்கள் மலையில் என் வயதுக்காரர்களில் பாதிப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள். அதனால் யாருக்கும் எந்த நஷ்டமும் வந்ததில்லை, என் அக்காவைத் தவிர.

அப்பா கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தார். ஆட்களின் வருகையைப் பதிவது, பறித்த பழத்தை அளந்து எழுதுவது அவர் வேலை. அவருடைய ஆசை வேறு. அது ரயில். ரயிலில் ஏறுவதல்ல, ரயில் கட்டணம். என் கணக்கில் அவர் தம் வாழ்நாளில் நான்கு முறைதான் ரயிலில் போயிருக்கிறார். ஆனால் புதிய கால அட்டவணை வரும்போதெல்லாம் சேலத்துக்கு இறங்கிப் போய் வாங்கி வந்துவிடுவார். தொலைவு கூடக்கூட ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் காசு குறையும், ஆகையால் இரண்டு சின்ன டிக்கெட்டைவிட ஒரு நீள டிக்கெட் மலிவு என்பதை எஸ்டேட் லயத்தில் குடியிருந்தவர்களுக்கெல்லாம் பொறுமையாக விளக்குவார். வேளாங்கண்ணிக்குப் போகிறவர்களும், சமவெளியில் கொள்ளி வைக்கப் போகிறவர்களும்கூட எங்கள் வாசலில் வந்து நின்று கேட்டுவிட்டுத்தான் மலை இறங்குவார்கள்.

"ஏனுங்க ரைட்டரய்யா, எங்க மாறினா கம்மியா ஆவுமுங்க?"

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொள்வார். இறந்தவர் காத்திருக்க வேண்டியதுதான்.

அக்காவின் ஆசை தண்ணீர். காப்பிப் பழம் கழுவுவதற்காக எஸ்டேட்டில் நீர் தேக்கிய குட்டை ஒன்று உண்டு. பழம் பறிக்கும் மாதங்கள் போக மற்ற நாளில் அது சும்மா கிடக்கும். தண்ணீர் எலும்பைக் கடிக்கும் குளிர். அடியில் முழங்கால் அளவு சேறு. கால் ஊன்றினால் சேறு பிடித்துக்கொள்ளும் என்பதால், கால் ஊன்றாமலே நீந்தப் பழகினாள். அக்கரையில் ஒற்றை சில்வர் ஓக் மரம் நின்றது. நான்கு கை வீசியதும் ஒரு முறை தலையைத் தூக்கி அந்த மரத்தைப் பார்ப்பாள், மறுபடி முகத்தை அமிழ்த்துவாள். அப்படிப் பார்க்காவிட்டால் கோணலாகப் போய்ப் பாறையில் முட்ட வேண்டும். அது கடல் நீச்சல்காரர்கள் தனியாகக் கற்றுக்கொள்ளும் வித்தை என்று நான் பல வருடம் கழித்து ஒரு புத்தகத்தில் படித்தேன்.

பள்ளியில் டிரில் மிஸ் ஒருவர் இருந்தார். அவர்தான் குட்டைக்கு வந்து பார்த்துவிட்டு, தூத்துக்குடியில் நடக்கவிருந்த கடல் நீச்சல் போட்டிக்கு அக்காவின் பெயரை எழுதி அனுப்பினார். பன்னிரண்டு வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது விதி. பெண்களில் முதலாவதாக வருகிறவளுக்கு மெட்ராசில் ஒரு விளையாட்டு விடுதியில் இடம். பள்ளி இறுதி வரை படிப்பு, சாப்பாடு, துணி எல்லாம் அவர்களே. அக்கா அப்போது ஏழாவது முடித்திருந்தாள். எட்டோடு போதும் என்று அப்பா முன்பே சொல்லியிருந்தார். எட்டுக்குப் பிறகு காப்பி நாற்றுப்பண்ணையில் பை நிரப்பும் வேலைக்கு ஆள் எடுப்பார்கள். அக்காவுக்கு முன்னால் இருந்த வழிகள் அந்த இரண்டும்தான்.

வயதுச் சான்றுக்காக அம்மா மே 10 அன்று கோயிலுக்கு நடந்துபோய் அந்த நகலை வாங்கி வந்தார். மே 12, புதன்கிழமை, பொழுது சாயும் நேரத்தில் அடுப்படியில் நடந்த பேச்சு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் கடலை உரித்துக்கொண்டிருந்தேன்.

"செயிச்சா மெட்ராசுல உடணுமாமுங்க."

"மொதல்ல செயிக்கட்டும்."

"செயிச்சா உடுவீங்களா?"

அப்பா கால அட்டவணையின் பக்கத்தைத் திருப்பினார். "மணியாச்சியில வண்டி நொம்ப நேரம் நிக்கும். அங்கயே டீ குடிச்சுக்கலாம்" என்றார்.

அம்மா அடுப்பை ஊதப் போனார். அது கேள்விக்குப் பதில்தான் என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

மே 13 காலை முதல் பஸ்ஸில் அப்பா, அக்கா, நான் மூவரும் மலை இறங்கினோம். எனக்கு ஒன்பது வயது. என்னைக் கூட்டிக்கொண்டு போனதற்குக் காரணம், கடலைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன் என்பதுதான். ஒரு துணிப்பையில் துண்டு, டிரில் மிஸ் கொடுத்த நீச்சல் உடை, கட்டுச்சோறு, கால அட்டவணை. சான்றை அம்மா பையில் வைத்ததை நான் பார்க்கவில்லை. வைத்ததாக அவர் சொன்னதை மட்டும் பிற்பாடு நூறு முறை கேட்டிருக்கிறேன்.

சேலத்திலிருந்து தூத்துக்குடிக்கு அப்பா வகுத்த பாதை இது: ஈரோடு வரை ஒரு வண்டி, அங்கே மாறித் திருச்சி, திருச்சியில் அகலப் பாதையை விட்டு மீட்டர் கேஜுக்கு மாறி மதுரை, மணியாச்சி, தூத்துக்குடி. இத்தனை மாற்றத்துக்கும் ஒரே நீள டிக்கெட், அதுவும் போக வர. விளையாட்டுக்காரர்களுக்கு உண்டான சலுகைப் படிவம் ஒன்றைப் போட்டிக்காரர்கள் தபாலில் அனுப்பியிருந்தார்கள். அந்தச் சலுகையையும் கழித்துத்தான் அப்பா பணம் எடுத்து வந்திருந்தார்.

கவுண்டரில் இருந்தவர் படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"கையெழுத்து இருக்குது, சீலு எங்கீங்க?"

"அதான் கையெழுத்து இருக்குதுங்களே."

"வட்ட சீலு வேணுமுங்க. புஸ்தகம் படிக்கிறவரு, உங்களுக்குத் தெரியாதுங்களா?"

அப்பாவுக்குத் தெரியும். அதுதான் வேதனை. மலை முழுவதற்கும் கட்டணம் சொல்லிக்கொடுத்த மனிதர், தம் மகளுடைய படிவத்தில் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கவில்லை. பின்னால் நின்றவர்கள் முனகினார்கள். அப்பா ஒரு கணம் என்னையும் அக்காவையும் பார்த்தார். பிறகு ஜன்னலுக்குள் குனிந்து, "ஒரு முழுசு, ரெண்டு அரை" என்றார்.

பன்னிரண்டு நிறையாத பிள்ளைக்கு அரை டிக்கெட். கோயில் கணக்கில் அக்காவுக்குப் பன்னிரண்டு முடிந்து இரண்டு மாதம். பள்ளிக்கூடக் கணக்கில் பன்னிரண்டுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

நடைமேடையில் வைத்து அப்பா என் முன் குந்தி உட்கார்ந்தார்.

"இதா பாரு கண்ணு. அக்காளுக்கு என்ன வயசுன்னு யாராச்சும் கேட்டா பதினொன்னுன்னு சொல்லோணும். யாரு கேட்டாலும் பதினொன்னு. தெரிஞ்சுதா?"

"ஏனுங்கப்பா, பன்னெண்டுதானுங்களே?"

"பள்ளிக்கூடத்துல பதினொன்னு."

அக்கா பக்கத்தில் நின்றிருந்தாள். "அப்ப போட்டியில?" என்றாள்.

"அத அங்க போயிப் பாத்துக்கலாம். நீ கொஞ்சம் குறுகி உக்காரு, போதும்."

என்னை மூன்று முறை சொல்லிக் காட்டச் சொன்னார். சொன்னேன்.

ஈரோட்டைத் தாண்டி, காவிரி ஜன்னலுக்கு வருவதும் மறைவதுமாக இருந்த இடத்தில் டிக்கெட் பரிசோதகர் ஏறினார். அக்கா வயதுக்கு மீறிய வளர்த்தி. நீந்தி நீந்தித் தோள் அகன்றிருந்தது. முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையைத் தாழ்த்திச் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். கோழி அடைகாப்பதுபோல இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது.

"ஏனுங்க, இந்தப் புள்ளைக்கா அரை டிக்கெட்டு? தை மாசம் மாப்பிள்ளை பாக்கலாமாட்ட இருக்குது."

"வளத்திதானுங்க சார். வயசு பதினொன்னு."

"அத்தாட்சி என்ன வச்சிருக்கறீங்க?"

"பள்ளிக்கூடம் ஜூன்ல தொறந்தாத்தானுங்க தருவாங்க."

பரிசோதகர் அப்பாவை விட்டுவிட்டு என்னிடம் குனிந்தார். மூக்குப்பொடி வாசனை அடித்தது. "நீ சொல்லு சாமி. அக்காளுக்கு என்ன வயசு?"

"பதினொன்னுங்க."

"உனக்கு?"

"ஒம்பதுங்க."

"பரவால்லையே, யோசிக்காமச் சொல்லுது. பொய்யின்னா சின்னது ஒளறியிருக்கும்" என்று சிரித்துக்கொண்டே டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

அப்பா என் தலைமேல் கை வைத்தார். கரூரில் எனக்கு மட்டும் ஒரு முறுக்கு வாங்கித் தந்தார். அதில் பாதியை அக்காவிடம் நீட்டினேன். அவள் வேண்டாம் என்றாள். குறுகி உட்கார்ந்ததில் முதுகு வலிப்பதாகச் சொன்னாள். என் வாழ்க்கையில் ஒரு பெரிய மனிதரை நான் ஏமாற்றிக் கூலி வாங்கியது அதுதான் முதல் முறை. அது ஏமாற்று என்று எனக்குத் தோன்றவில்லை. ஒப்பித்தால் பரிசு தருகிற ஞாயிறு வகுப்புபோல இருந்தது.

14ஆம் தேதி காலை தூத்துக்குடி வந்து சேர்ந்தோம். வாயிலில் நின்றவர் போகும் டிக்கெட்டுகளை வாங்கிக்கொண்டார். திரும்பும் டிக்கெட்டுகளை அப்பா கால அட்டவணைக்குள் வைத்தார். வெளியூரிலிருந்து வந்தவர்களை ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். அன்று மாலை அக்கா முதன்முதலாகக் கடலில் இறங்கினாள். ஒரு வாய் தண்ணீரைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"இங்க பாரு! தண்ணியே தூக்குது! வெந்நியாட்ட இருக்குது!"

அவள் அப்படிச் சிரித்ததை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. இது நினைவுதான், பதிவல்ல. ஆனாலும் எழுதிவைக்கிறேன்.

மே 15, சனிக்கிழமை. கடற்கரையில் தென்னங்கீற்றுப் பந்தல். ஒரு மேசை. கூட்டம் நெருக்கியதால், சான்றுகளை ஜெயித்தவர்கள் மட்டும் பிறகு காட்டினால் போதும் என்று சொல்லிவிட்டு ஒவ்வொருவர் கையிலும் மையால் எண் எழுதினார்கள். அக்காவுக்கு 27. நீச்சல் உடை இரண்டு அளவு பெரியது. தோளில் ஊக்குக் குத்தியிருந்தாள். கழுத்திலும் அக்குளிலும் தேங்காயெண்ணெய். அப்பா கடலைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

தூரத்தில் ஒரு தகர டிரம்மை மிதக்கவிட்டிருந்தார்கள். அதைச் சுற்றிவிட்டுக் கரைக்கு வர வேண்டும். துணைக்கு மீன்பிடி வள்ளங்கள். ஒரு வள்ளத்துக்காரர் கரையில் நின்ற அக்காவைச் சீண்டினார்.

"ஏ மலைப்பிள்ள, ஒங்க ஊர்ல மீனு உண்டா?"

"இருக்குதுங்க, குட்டையில."

"பெறகென்ன, அதுவள மாதிரியே நீந்து. டிரம்மு வரைக்கும் பாத்துப் போயிருவ. திரும்பையில நீரோட்டம் வடக்க இழுக்கும். அந்தா வெள்ளையாத் தெரியுதுல்லா உப்பு அம்பாரம், அதப் பாத்து வா. கரையப் பாத்து வந்தா கெட்ட."

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. கண்ணைச் சுருக்கி அந்த உப்புக் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குட்டையின் அக்கரையில் நிற்கும் மரத்தை அவள் பார்ப்பது அப்படித்தான்.

டிரம் வரைக்கும் அவள் நான்காவதோ ஐந்தாவதோதான். அலை மறைத்ததால் சரியாகத் தெரியவில்லை. திரும்பும்போது கறுத்த தலைகள் எல்லாம் மெல்ல மெல்ல வடக்கே சாய்ந்து போயின. ஒரு தலை மட்டும் தனியாக, கோடு போட்டதுபோல வந்தது. நான்கு வீச்சுக்கு ஒரு முறை அது நிமிர்ந்தது. வள்ளத்துக்காரர் துடுப்பைத் தூக்கி ஆட்டி என்னவோ கத்தினார். அக்கா கரைக்கு வந்து முட்டி போட்டு எழுந்தபோது, அடுத்த பெண் இன்னும் கழுத்தளவு நீரில்கூட நிற்கவில்லை.

அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அதில் மகிழ்ச்சி இருந்ததா என்று பல முறை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருவர் ஏதோ கேட்க, "எம்பட புள்ளதானுங்க" என்று அவர் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. கணீரென்று சொன்னார். அதை அவர் பக்கத்துக்குச் சாட்சியாக வைக்கிறேன்.

ஒரு மணி நேரம் கழித்து மேசைக்குக் கூப்பிட்டார்கள். கண்ணாடி போட்ட ஓர் அம்மா பதிவேட்டை விரித்து வைத்திருந்தார். அக்கா துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றாள். தலையிலிருந்து நீர் சொட்டி மேசை ஓரம் நனைந்தது. அந்த அம்மா நல்ல குணம். துண்டை இன்னும் இழுத்துப் போர்த்தச் சொன்னார்.

"வெளியூர்க்காரவுகளுக்கு ரயில் சார்ஜ் உண்டு. டிக்கெட்டக் காட்டுங்க. அப்படியே வயசுக்குச் சான்றும் குடுங்க."

அப்பா கால அட்டவணையைப் பையிலிருந்து எடுத்தார். அதிலிருந்து தம் டிக்கெட்டையும் அக்காவின் டிக்கெட்டையும் உருவி நீட்டினார். இரண்டு நாளாக அவர் அந்த அட்டைகளைக் கட்டணமாக மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் அட்டையில் ஒரு வயதும் அச்சாகியிருக்கிறது என்பது அவருக்குத் தோன்றவில்லை. அல்லது தோன்றியது.

"இது அரை டிக்கெட்லா?" என்றார் அந்த அம்மா. "பன்னெண்டு முடிஞ்ச பிள்ளைக்கு ஏது அரை டிக்கெட்?"

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சான்ற எடுங்க, பாத்துக்கிடலாம்."

அப்பா கால அட்டவணையை மேசைமேல் வைத்தார். பைக்குள் கை விட்டார். துண்டு இருந்த இடம், கட்டுச்சோற்றுத் தூக்கு, நான் பொறுக்கிவைத்திருந்த சிப்பிகள் எல்லாவற்றையும் தள்ளித் தள்ளித் தேடினார். பிறகு பையை மூடினார்.

"ஊட்லயே வச்சுட்டு வந்துட்டாப்பல இருக்குதுங்க."

"பள்ளிக்கூடத்துல என்ன தேதி எழுதியிருக்கு?"

அப்பா உள்ளதைச் சொன்னார். "ஜூன் பதினாறுங்க."

அந்த அம்மா விரல் விட்டு எண்ணினார். உதட்டைப் பிதுக்கினார். பக்கத்தில் இருந்த செயலாளர், "அப்ப பதினொன்னுதான? பேர் குடுத்த படிவத்துல பன்னெண்டுன்னு பொய் எழுதிருக்காங்க" என்றார்.

"இருங்க" என்று அந்த அம்மா அவரைக் கையமர்த்தினார். அவருக்கு அக்காவை இழக்க மனமில்லை என்று இப்போது புரிகிறது. கடைசியாக ஒரு கதவைத் திறந்து பார்த்தார். அந்தக் கதவு நான். என் தாடையைத் தொட்டு, "நீ சொல்லும்மா. சின்னப் பிள்ள பொய் சொல்லாது. அக்காவுக்கு என்ன வயசு?" என்றார்.

எனக்குத் தெரிந்த கேள்வி. முன்பே முறுக்கு வாங்கிக் கொடுத்த கேள்வி. யோசிக்காமல், எல்லோருக்கும் கேட்கும்படி, "பதினொன்னுங்க" என்றேன்.

அந்த அம்மா பேனாவை எடுத்தார். அக்கா வாயைத் திறந்தாள். அப்பாவைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

நான் அப்பாவை நிமிர்ந்து பார்த்தேன். அவர் என் தலைமேல் கை வைத்தார். கை கனமாக இருந்தது. சரியாகச் சொன்னதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டு, இந்த முறை என்ன வாங்கித் தருவார் என்று பந்தலுக்கு வெளியே நின்ற சர்பத் வண்டியைப் பார்த்தேன்.

பதிவேட்டில் 27ஆம் எண்ணுக்கு நேரே "வயது குறைவு" என்று எழுதினார்கள். இரண்டாவதாக வந்த பெண் முதலாவதாக ஆனாள். ரயில் கட்டணத்தை மட்டும் நேர்மையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். முழு டிக்கெட் எடுத்திருந்தாலும் கொடுத்திருப்பார்கள். வள்ளத்துக்காரர் எங்களைத் தேடி வந்து, அக்காவின் கையில் ஒரு பெரிய சங்கை வைத்துவிட்டு, "அவுக கெடக்காவ. கடலுக்குத் தெரியும்லா" என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பும் வழியில் எந்தப் பரிசோதகரும் எங்கள் பெட்டியில் ஏறவில்லை. ஆனாலும் திருச்சி வரைக்கும், ஈரோடு வரைக்கும், சேலம் வரைக்கும் அக்கா குறுகியே உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து உட்காரு என்று அப்பா இரண்டு முறை சொன்னார்.

வீட்டில் அம்மா முதலில் கேட்டது சான்றைப் பற்றித்தான்.

"பையில துண்டுக்கு மேல, உங்க புஸ்தகத்த ஒட்டி வச்சனுங்களே!"

"பையில இல்ல."

"நான் வச்சனுங்க."

"பையில இல்லைன்னா இல்ல."

இந்த நான்கு வரிகளை அவர்கள் இருபத்தோரு வருடம் பேசினார்கள். 2003இல் அம்மா இறந்தபோதுதான் பேச்சு நின்றது. அக்கா எட்டு முடித்தாள். நாற்றுப்பண்ணைக்குப் போனாள். பதினெட்டில் கல்யாணம். குட்டைப் பக்கம் அவள் போய் நான் பார்க்கவில்லை. டிரில் மிஸ் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும்போது நீச்சல் உடையைக் கேட்டு ஆள் அனுப்பினார். துவைத்து, மடித்து, ஊக்கோடு கொடுத்தனுப்பினாள்.

இப்போது வெள்ளக்கடையில் மிளகுத் தோட்டத்துக்கு நடுவே இருக்கிறாள். அம்மாவின் அடக்கத்துக்கு மறுநாள், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, துணிந்து கேட்டேன். என்மேல் கோபமா என்று.

"உம்மேல என்ன கோபம்? சொல்லிக் குடுத்தத நீ சொன்ன. நானுல்ல சொல்லியிருக்கோணும். பன்னெண்டுங்க, கோயில்ல எழுதியிருக்குதுங்கன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அப்பாவோட மூஞ்சியப் பாத்தேன். அத்தன பேரு முன்னால அரை டிக்கெட்டுத் திருடருன்னு ஆயிருவாரேன்னு உட்டுட்டேன். நாந்தான் செயிச்சனே, அது போதும்னு நெனச்சேன்."

கொஞ்ச நேரம் தட்டைத் தேய்த்தாள்.

"போதல" என்றாள்.

அன்று அந்த மேசையைச் சுற்றி எங்கள் மூவரில் இருவருக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தது, இருவரும் பேசாமல் இருந்தார்கள், பேசியது நான் மட்டும். அக்கா எதற்காகப் பேசாமல் இருந்தாள் என்று தெரிந்துகொள்ள எனக்கு இருபத்தோரு வருடம் ஆயிற்று. அப்பா எதற்காகப் பேசாமல் இருந்தார் என்பதற்கு என்னிடம் இரண்டு பதில்கள் இருக்கின்றன. ஒன்று வெட்கம். இன்னொன்று அடுப்படியில் அம்மா கேட்ட கேள்வி. எது என்று அவரிடம் கேட்கத் தைரியம் வருவதற்குள் அவரும் போய்விட்டார்.

மிஞ்சியிருப்பது சான்றும் கால அட்டவணையும். சான்று இருந்தது திருச்சி, மதுரை, மணியாச்சி வண்டிகளின் பக்கத்தில். எதிரெதிரான இரண்டு பக்கங்களிலும் மடித்த தாளின் அளவுக்குப் பழுப்பு ஏறியிருக்கிறது. பல வருடம் அங்கே இருந்திருக்கிறது என்பதற்கு அது சாட்சி. எந்த நாளிலிருந்து என்பதற்குச் சாட்சி இல்லை. போகும் வழியெல்லாம் அப்பா திறந்து திறந்து பார்த்த பக்கம் அது. வீடு திரும்பிய பிறகு, மாடத்திலோ அலமாரியிலோ அதைக் கண்டெடுத்து, யாரிடமும் சொல்ல முடியாமல் அதற்குள் செருகியிருக்கவும் கூடும். அக்காவிடம் இதை நான் இன்னும் காட்டவில்லை.

1982 மே 15 அன்று அந்தக் கால அட்டவணை மேசைமேல், அக்காவின் தலையிலிருந்து சொட்டிய நீருக்குப் பக்கத்தில் இருந்தது. அதன் அட்டையில் இன்றும் உப்புக் கறை இருக்கிறது. அப்போது அதற்குள் சான்று இருந்ததா என்பது சரிபார்க்கப்படவில்லை.